உழைப்புக்கு உருவம் தந்த கலைஞர்



சென்னைக்குச் சுற்றுலா சென்று திரும்பிய பிள்ளைகளிடம், "அங்கே என்ன கண்டீர்கள்?" என்று கேட்பது என் வழக்கம். கடலைக் கண்டோம் என்பார்கள். கலங்கரை விளக்கத்தைக் கண்டோம் என்பார்கள். நம் கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்குக் கடல் ஒரு பெரிய அதிசயம். அதைக் கண்ட பிறகு மற்றவை யாவும் மறந்து போவது இயற்கையே.

2001ஆம் ஆண்டில், தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற புதிதில், நானும் சில ஆசிரியர்களும் மாணவர்களை அழைத்துக்கொண்டு இரவு இரயிலில் சென்னை சென்றோம். மறுநாட் காலை மெரினாக் கடற்கரையில் பிள்ளைகள் எல்லாரும் அலையை நோக்கி ஓடினார்கள். ஒருவன் மட்டும் ஓடவில்லை. வாலாஜா சாலை கடற்கரையைத் தொடும் இடத்தில் உயர்ந்து நிற்கும் உழைப்பாளர் சிலையின் முன்னே அண்ணாந்து பார்த்தபடி நின்றான். நான் அருகே சென்றதும், "சார், அந்தப் பாறை நகருதுங்களா, நகரலைங்களா?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "நேரமாகிறது, போய் வரிசையில் நில்" என்று அதட்டி அனுப்பிவிட்டேன். அச்சிலையைச் செய்தவர் யார் என்பதுகூட அன்று எனக்குத் தெரியாது. அந்தக் கலைஞரைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் அந்தப் பையனின் கேள்வியே. நான் அறிந்துகொண்டவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அந்தக் கலைஞரின் பெயர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. ஓவியம், சிற்பம் ஆகிய இரண்டிலும் கைதேர்ந்தவர். 1899ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள், அன்றைய வங்காளத்தின் ரங்கபூர் மாவட்டத்தில் தாஜ்ஹாட் என்னும் ஊரில் பிறந்தார். இன்று அவ்வூர் வங்காள தேசத்தில் இருக்கின்றது. நிலமும் செல்வமும் உடைய ஜமீன் குடும்பம் அவருடையது. உழைப்பாளியின் உடலை இவ்வளவு நுட்பமாக அறிந்த ஒருவர் ஜமீன் வீட்டில் பிறந்தவர் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி.

அவர் வளர்ந்த காலம், இந்தியக் கலை தன்னைத் தானே தேடிக்கொண்டிருந்த காலம். ஆங்கிலேயர் நிறுவிய கலைப்பள்ளிகளில் ஐரோப்பியச் சிலைகளின் சுதை வார்ப்புகளை வைத்துப் பார்த்து வரையும் பயிற்சியே பெரும்பாலும் இருந்தது. இதை மாற்ற முனைந்தவர்களுள் ஒருவர் ஈ. பி. ஹேவெல் என்னும் ஆங்கிலேயர். அவர் முதலில் சென்னைக் கலைப்பள்ளியிலும் பின்னர்க் கல்கத்தாக் கலைப்பள்ளியிலும் தலைமை வகித்தார். அஜந்தா ஓவியத்தையும் முகலாய, இராஜபுத்திர ஓவியங்களையும் இந்திய மாணவர் கற்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1905ஆம் ஆண்டில் அவர் தமக்குத் துணைவராக அபனீந்திரநாத் தாகூரைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். கவியரசர் இரவீந்திரரின் உறவினரான அபனீந்திரர், மெல்லிய கோடுகளும் நீரில் கரைந்தது போன்ற வண்ணங்களும் கொண்ட ஒரு புதிய ஓவிய முறையை வளர்த்தார். அதனை வங்காள மரபு என்பர். அந்த அபனீந்திரரின் மாணாக்கர்களுள் ஒருவரே நம் ராய் சௌத்ரி.

அவர் ஓர் ஆசிரியரோடு நிற்கவில்லை. கல்கத்தாவில் இருந்த இத்தாலிய ஓவியர் ஒருவரிடம், உயிருள்ள மனிதரை எதிரே நிறுத்திப் பார்த்து வரையும் மேனாட்டு முறையைக் கற்றார். ஹிரண்மய் ராய் சௌத்ரி என்னும் சிற்பியிடம் களிமண்ணில் உருவம் சமைக்கக் கற்றார். ஆகவே அவரிடம் இரண்டு மரபுகள் குடிகொண்டிருந்தன. தூரிகை எடுத்தால் வங்காள மரபின் மென்மை தோன்றும். மண்ணைக் கையில் எடுத்தால் எலும்பும் தசையும் நரம்பும் புடைத்துக்கொண்டு வரும். ஒரே மனிதரின் இரண்டு கைகள் இரண்டு மொழிகள் பேசின என்றே சொல்லலாம்.

அவர் கலைக்கூடத்துக்குள் அடைந்து கிடந்தவரும் அல்லர். மல்யுத்தம் பயின்றவர், வேட்டையில் விருப்பம் உடையவர், புல்லாங்குழல் வாசிப்பவர், வங்க மொழியில் சிறுகதைகள் எழுதியவர். மல்யுத்தம் பயின்றவருக்கு, எதிரியைத் தள்ளும்போது முதுகில் எந்தத் தசை இறுகும், எந்தப் பாதத்தில் பாரம் இறங்கும் என்பது நூல் வழியாக அன்றித் தம் உடம்பின் வழியாகவே தெரியும். அந்த அறிவு அவர் சிற்பங்களில் பேசுகின்றது.

1929ஆம் ஆண்டில் அவர் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. எழும்பூரில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகின்றது. அதுவரை ஆங்கிலேயரே அப்பதவியில் இருந்தனர். அப்பொறுப்பில் அமர்ந்த முதல் இந்தியர் ராய் சௌத்ரி. உலோக வேலை, மரவேலை போன்ற கைத்தொழில்களுக்கே அப்பள்ளியில் முதலிடம் இருந்தது. அவர் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் உரிய இடத்தை அளித்தார். உயிருள்ள மனிதரைப் பார்த்து வரைதலும், வெளியே சென்று தெருவையும் மக்களையும் பார்த்து வரைதலும் பாடங்களாயின. 1957ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள், அப்பணியில் இருந்தார்.

ஓர் ஆசிரியரை அளக்க வேண்டுமானால் அவர் மாணவரைப் பார்க்க வேண்டும். கல்கத்தாவில் பெயர் பெற்ற சிற்பி பிரதோஷ் தாஸ் குப்தாவும் ஓவியர் பரிதோஷ் சென்னும் சென்னைக்கு வந்து இவரிடம் பயின்றவர்கள். மயிலாப்பூரில் பிறந்த எஸ். தனபால் இவரிடம் ஓவியம் பயின்று, பின்னர்ச் சிற்பத்தில் பெரும்புகழ் அடைந்து, அதே கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார்.

இன்னொரு மாணவரை நம் ஊர்ப் பிள்ளைகளாகிய நீங்கள் சிறப்பாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் பெயர் கே. சி. எஸ். பணிக்கர். 1911ஆம் ஆண்டில் நம் கோயமுத்தூரில் பிறந்தவர். தந்தித் துறையில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 1936ஆம் ஆண்டில், இருபத்தைந்தாம் வயதில், ராய் சௌத்ரியிடம் மாணவராகச் சேர்ந்தார். 1957ஆம் ஆண்டில் ஆசிரியர் ஓய்வு பெற்றபோது அவருடைய இடத்தில் அமர்ந்தவர் இவரே. 1966ஆம் ஆண்டில் சென்னைக்கு அருகே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்னும் கலைஞர் கிராமம் உருவாக வழிகாட்டியவரும் இவரே. பணிக்கரின் பிற்கால ஓவியங்களில் எழுத்துகளும் எண்களும் சோதிடக் கட்டங்களும் போன்ற குறிகள் நிறைந்திருக்கும். அவை ராய் சௌத்ரியின் படைப்புகளை ஒரு சிறிதும் ஒத்தவை அல்ல. அவரிடம் பயின்றவர்கள் அவரைப் போலவே வரையவில்லை என்பதை நான் குறையாகக் கருதவில்லை.

இனி, இத்தகைய சிலைகள் எவ்வாறு உருவாகின்றன என்பதைச் சற்றுக் காண்போம். இதை விளக்குவதற்குக் கோயமுத்தூரைவிடப் பொருத்தமான ஊர் வேறு இல்லை.

சிற்பம் செய்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நீக்கும் வழி. மற்றொன்று சேர்க்கும் வழி. மாமல்லபுரத்துச் சிற்பி பாறையில் வேண்டாத பகுதியை வெட்டி நீக்கினான், எஞ்சியது சிலை. ராய் சௌத்ரியின் வழி சேர்க்கும் வழி. முதலில் இரும்புக் கம்பிகளால் ஓர் எலும்புக்கூடு கட்டுவார்கள். அதன்மீது பிசைந்த களிமண்ணைக் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி அப்பி உருவத்தை வளர்ப்பார்கள். விரல் அழுத்திய தடங்கூட மண்ணில் பதிந்திருக்கும். பிரான்சு நாட்டுச் சிற்பி ரோதான் அந்தத் தடங்களை மழுப்பாமல் அப்படியே விட்டுவிடுவார். மேடு பள்ளங்களில் ஒளியும் நிழலும் விளையாடுவதால் வெண்கலத்துக்கு உயிர்த்துடிப்பு உண்டாகின்றது. ராய் சௌத்ரியின் சிற்பங்களிலும் இந்த முறையின் சாயலைக் காணலாம்.

களிமண் உருவம் நிலைக்காது, காய்ந்தால் வெடிக்கும். ஆகவே அதன்மீது பாரிஸ் சாந்தைப் பூசி அச்சு எடுப்பார்கள். அந்த அச்சிலிருந்து சாந்தாலான உருவம் ஒன்றைப் பெறுவார்கள். பின்னர் அது வார்ப்படச் சாலைக்குச் செல்லும். அங்கே உலோகத்தை உருக்கி வார்ப்பார்கள்.

வார்ப்படச் சாலையைப் பற்றி நான் நூலில் படித்தது குறைவு. கண்ணால் கண்டது மிகுதி. என் தந்தையார் 1960களில் கணபதிப் பகுதியில் ஒரு சிறிய வார்ப்படப் பட்டறையில் வேலை செய்தார். பள்ளி விடுமுறை நாட்களில் அவருக்குத் தூக்குப்போசியில் சோறு கொண்டு போவது என் கடமை. அங்கே மோட்டார்ப் பம்புகளுக்கான இரும்பு உறுப்புகளை வார்ப்பார்கள். மரத்தால் செய்த மாதிரியை ஒரு பெட்டிக்குள் வைத்து, ஈரமணலைச் சுற்றிலும் கொட்டி இடிப்பார்கள். தொழிலாளர் அந்த மாதிரியைப் பேட்டர்ன் என்பார்கள். பெட்டியை இரண்டாகப் பிரித்து மாதிரியை எடுத்துவிட்டால், மணலில் அதன் வடிவத்தில் ஒரு வெற்றிடம் நிற்கும். நடுவே துளை வேண்டுமானால் மணலாலேயே செய்த ஓர் உள்ளீட்டை வைப்பார்கள். அதற்குக் கோர் என்று பெயர். பின்னர் உருகிய இரும்பை வாய்வழியே ஊற்றுவார்கள். அந்நேரத்தில் பட்டறையில் ஒருவரும் பேசமாட்டார்கள். ஊற்றும் கை தயங்கினால் வார்ப்பு கெட்டுவிடும்.

வெண்கலச் சிலை வார்ப்பதும் இதே தத்துவந்தான். வெண்கலம் என்பது செம்போடு வெள்ளீயம் கலந்த உலோகம்; பத்தில் ஒன்பது பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் இருப்பது வழக்கமான ஒரு கலவை. ஏறத்தாழ 1000 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் அது குழம்பாகும். ஆள் உயரச் சிலையைக் கெட்டியாக வார்த்தால் பெரும் எடை உண்டாகும். குளிரும்போது உலோகம் சுருங்கி வெடிப்பும் தோன்றும். ஆகையால் பம்பின் உறையைப் போலவே சிலையையும் உள்ளே கூடாக வார்ப்பார்கள். நம் சோழர் காலத்துச் சிற்பிகளும் சுவாமிமலை ஸ்தபதிகளும் வேறு முறையைக் கையாண்டனர். மெழுகில் உருவம் செய்து, அதன்மீது வண்டல் மண் பூசிக் காயவைத்துச் சூடாக்குவார்கள். மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அது விட்டுச் சென்ற இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். நடராசர் திருவுருவமும் பம்பு செட்டும் அடிப்படையில் ஒரே கலையின் பிள்ளைகள் என்பதை நீங்கள் மறவாதீர்கள்.

ராய் சௌத்ரியின் புகழ் பெற்ற படைப்புகளில் ஒன்று பாட்னா நகரில் இருக்கும் தியாகிகள் நினைவுச் சின்னம். 1942ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள், வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது, பாட்னா தலைமைச் செயலகத்தில் தேசியக் கொடியை ஏற்றச் சென்ற ஏழு இளைஞர்கள் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையாயினர். அவர்கள் உங்களை ஒத்த மாணவர்கள். அந்த எழுவரையும் ராய் சௌத்ரி வெண்கலத்தில் எழுப்பினார். முன்னே நிற்பவன் கையில் கொடி. பின்னே வருபவர் ஒருவர்பின் ஒருவராய்ச் சாய்கின்றனர். ஆயினும் கூட்டம் முன்னேறிக்கொண்டே இருக்கின்றது. களிமண்ணில் உருவான இச்சிற்பத்தை வெண்கலத்தில் வார்க்கும் பணி இத்தாலி நாட்டில் நடைபெற்றது. பல நூற்றாண்டுகளாக வெண்கல வார்ப்பில் பெயர் பெற்ற நாடு அது.

தண்டி யாத்திரையைக் காட்டும் பதினொரு உருவங்கள் கொண்ட சிற்பத் தொகுதி ஒன்று புதுதில்லியில் இருக்கின்றது. அதுவும் இவருடைய படைப்பே. காந்தியடிகள் கோலூன்றி முன்னே நடக்க, பல வகை மக்கள் பின்தொடர்கின்றனர். 2016ஆம் ஆண்டில் திரும்பப் பெறப்பட்ட பழைய ஐந்நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்தில் இருந்த படத்தை உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் காட்சிதான் அது. பெயர் அறியாமலே நம் நாட்டு மக்கள் பல ஆண்டுகள் இவருடைய கலையைச் சட்டைப் பையில் வைத்திருந்தனர்.

இவை போக, குளிரில் நடுங்குவோரையும் பசியால் வாடுவோரையும் அவர் சிற்பமாக வடித்தார். 1943ஆம் ஆண்டில் அவர் பிறந்த வங்காளத்தைப் பெரும் பஞ்சம் சூறையாடிற்று என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். அவரைத் தேடிப் பதவிகளும் பட்டங்களும் வந்தன. 1954ஆம் ஆண்டில் தில்லியில் லலித் கலா அகாதமி தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் ஆனார். 1958ஆம் ஆண்டில் பத்ம பூஷண் விருது பெற்றார். 1975ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் மறைந்தார்.

இப்பொழுது உழைப்பாளர் சிலைக்கு வருவோம். 1959ஆம் ஆண்டு, குடியரசு நாளை ஒட்டி, மெரினாவில் அது நிறுவப்பட்டது. அதே ஆண்டில் இவர் செய்த காந்தியடிகள் சிலையும் அக்கடற்கரையில் எழுந்தது. பள்ளிப் பணியிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்ட காலம். வயதோ அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதை நானும் கடந்தவன் ஆதலால் இச்செய்தி எனக்கு ஊக்கம் தருகின்றது.

நான்கு மனிதர்கள் ஒரு பெரும் பாறையைப் பெயர்த்து நகர்த்த முயல்கின்றனர். அவ்வளவுதான் காட்சி. இடையில் ஒரு துண்டுத் துணியைத் தவிர வேறு உடை இல்லை, நகை இல்லை, பெயர் பொறித்த பலகைக்கு உரிய பெருமக்களும் அல்லர். அந்த உருவங்களுக்கு மாதிரியாக நின்றவர்கள், கலைப்பள்ளியின் இரவுக் காவலர் ஒருவரும் மாணவர் ஒருவரும் ஆவர். அவ்விருவரின் உடல்களே நால்வராக வளர்ந்தன. அரசர்க்கும் தலைவர்க்கும் உரியதாக இருந்த பீடத்தில் ஓர் இரவுக் காவலரின் தோளும் முதுகும் ஏறி நின்றன. மாணவர்களே, இச்சிலை செய்த பெரும் செயல் இதுவே என்று நான் கருதுகிறேன்.

இச்சிலை நின்ற கடற்கரைக்கும் உழைப்பாளர்க்கும் பழைய உறவு உண்டு. 1923ஆம் ஆண்டு மே முதல் நாள், சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினக் கூட்டத்தைச் சென்னைக் கடற்கரையில் நடத்தினார். இன்றும் மே தினத்தன்று இச்சிலைக்கு மாலை சூட்டுகின்றனர்.

உழைப்பாளிக்குச் சிலை எடுத்தவர் உலகில் இவர் ஒருவரே அல்லர். பெல்ஜியம் நாட்டில் கான்ஸ்டான்டின் மெனியே என்னும் கலைஞர், சுரங்கத் தொழிலாளரையும் துறைமுகக் கூலிகளையும் இரும்பாலைத் தொழிலாளரையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஓவியமாகவும் சிற்பமாகவும் ஆக்கினார். அவரும் நம்மவரைப் போல இரு கலைகளிலும் வல்லவர். கரியும் நெருப்பும் நிறைந்த இடங்களுக்கு நேரே சென்று பார்த்த பின்பே அவர் அவற்றைச் செய்தார்.

ஒரு கருத்து வேறுபாட்டையும் சொல்லிவிடுதல் நேர்மை. ராய் சௌத்ரியின் கலையைக் குறை கூறுவோரும் உண்டு. தசையை மிகுதியாகக் காட்டுகிறார், உணர்ச்சியை உரத்த குரலில் பேசுகிறார், இது பழைய ஐரோப்பிய முறை என்பர். அவருக்குப் பின் வந்தவர்கள் வேறு வழி தேடினர் என்பதை முன்னரே சொன்னேன். இக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் பொது இடத்தில் நிற்கும் சிலை, கலை பயின்றவர்க்கு மட்டும் உரியதன்று. சுண்டல் விற்கும் சிறுவனும், ஊரிலிருந்து முதன்முறையாக வந்த உழவரும் அதை நின்று பார்க்கின்றனர். ஒருவரும் விளக்காமலே அவர்களுக்கு அது விளங்குகின்றது. அத்தகைய தெளிவு எளிதில் கைகூடுவதன்று.

இனி அந்தப் பையனின் கேள்வி. பாறை நகர்கின்றதா, இல்லையா?

வ. உ. சிதம்பரனார் நம் கோவைச் சிறையில் செக்கிழுத்தார் என்று படித்திருக்கிறீர்கள். அதை ஒரு படமாக வரையுமாறு உங்களிடம் சொன்னால் என்ன வரைவீர்கள்? செக்கின் பாரத்தை எவ்வாறு காட்டுவீர்கள்? பாரத்தை வரைய முடியாது. பாரத்தைத் தாங்கும் உடலைத்தான் வரைய முடியும். முன்னே சாய்ந்த மார்பு, தரையைப் பற்றிய பாதம், இறுகிய கழுத்து ஆகியவை சரியாக அமைந்தால், செக்கு படத்தில் இல்லாவிட்டாலும் அதன் எடை தெரியும். உழைப்பாளர் சிலையில் பாறையும் வெண்கலம், மனிதரும் வெண்கலம். இரண்டுக்கும் உலோகம் ஒன்றே. ஆயினும் பாறை அசையாதது போலவும் மனிதர் அசைவது போலவும் நமக்குத் தோன்றுகின்றது. நகர்ந்துவிட்ட பாறையைச் செய்திருந்தால் வெற்றி முடிந்துபோன செய்தியாகிவிடும். நகரவே நகராத பாறையாக இருந்தால் அது துன்பக் காட்சியாகிவிடும். இரண்டுக்கும் நடுவே, பாறை அசையப் போகின்ற அந்த ஒரு நொடியைச் சிற்பி பிடித்து நிறுத்தியிருக்கிறார் என்பதே நான் பல ஆண்டு கழித்துக் கண்ட விடை.

அந்த விடையை அந்தப் பையனிடம் உரிய காலத்தில் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அவன் நன்றாக வரைவான். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் மாடும் வண்டியும் கிணற்று மேடும் இருக்கும். எங்கள் பள்ளியில் அப்பொழுது ஓவிய ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தது. தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிட்டது என்று கவலையுற்ற நான், ஓவிய வகுப்பு நேரம் முழுவதையும் கணக்குக்கு மாற்றினேன். அந்தப் பையனின் நோட்டைப் பறித்து, "இது சோறு போடுமா?" என்றும் கேட்டேன். தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது, என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பையன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, உறவினர் ஒருவருடைய பம்புக்கு ஓர் உறுப்பு வேண்டி ஒரு பட்டறைக்குச் சென்றேன். மரத்தூள் படிந்த சட்டையோடு ஒருவர் எழுந்து வந்து வணங்கினார். அவன்தான். வார்ப்படச் சாலைகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்து கொடுக்கும் தொழில். மேசைமீது பாதி செதுக்கிய ஒரு சுருள் வடிவம் இருந்தது; சங்கின் உட்புறம்போல வளைந்து வளைந்து சென்றது. அளவுகோலால் மட்டும் அதைச் செய்ய முடியாது. கண்ணும் விரலும் வேண்டும். இரும்பு குளிரும்போது எவ்வளவு சுருங்கும் என்று கணக்கிட்டு, அந்த அளவுக்கு மாதிரியைச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். என் தந்தையார் கையில் எடுத்து மணலில் பதித்தது இத்தகைய மாதிரியைத்தான். அதை உருவாக்கியவனும் ஒரு சிற்பி என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

"சார், நீங்க சொன்ன கணக்கும் உதவுதுங்க" என்றார் அவர். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பதற்காகச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். நான் மெரினாச் சிலையைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு நினைவிருந்தது. என் விடையைச் சொன்னேன். சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "நகரப் போகுதுன்னு அவங்க காலைப் பார்த்தாலே தெரியுமுங்க சார்" என்றார். பல நூல்களைப் படித்து நான் வந்து சேர்ந்த இடத்தில் அவர் பதினான்கு வயதிலேயே நின்றுகொண்டிருந்தார். நான்தான் அவரை வரிசைக்கு அனுப்பிவிட்டேன்.

அன்புக்குரிய மாணவர்களே, உங்களில் எல்லாரும் ஓவியராக வேண்டும், சிற்பியாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொறியியல் படிப்பவர் படியுங்கள்; வேளாண்மை படிப்பவர் படியுங்கள். ஆயினும் வாரத்தில் ஒரு மணி நேரமேனும் ஒரு கையை, ஒரு காலை, சுமை தூக்கி வரும் ஒரு மனிதரை உற்றுப் பார்த்து வரையுங்கள். படம் நன்றாக வராவிட்டாலும் குற்றமில்லை. ஒருவரை வரைய வேண்டுமானால் அவரை முழுமையாகப் பார்த்தாக வேண்டும். நம் ஊரில் ஆலையிலும் பட்டறையிலும் தோட்டத்திலும் உழைப்பவர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம், ஆனால் பார்ப்பதில்லை.

அடுத்த முறை சென்னைக்குச் செல்லும்போது கடலைக் காண்பதற்கு முன் கால் மணி நேரம் உழைப்பாளர் சிலையைச் சுற்றி வாருங்கள். முன்புறம் பார்த்த பின்பு பின்புறமும் சென்று பாருங்கள், முதுகுகளைப் பாருங்கள், பாதங்களைப் பாருங்கள். உங்களோடு வரும் சிறுவன் ஒருவன் அப்போது ஏதேனும் கேள்வி கேட்டால், அவனை வரிசைக்கு அனுப்பாதீர்கள். விடை தெரியாவிட்டால், "எனக்கும் தெரியவில்லை, இருவரும் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.